19 உயிரும் ஒரு சீசாவும்

1902-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி. பஞ்சாபில் மல்கோவால் என்ற கிராமம். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது.

எங்கும் பிளேக் பீதி. அன்று 107 பேருக்குத் தடுப்பு ஊசி போடப்பட்டது.

சில நாள் கழிந்தது. 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. 19 பேருக்குத் தாடை இறுகியது. உடம்பு வில்லாக வளைந்தது. டெட்டனஸ் என்னும் ஜன்னி! 19 பேரும் மாண்டு போனார்கள்.

அந்த 19 பேருக்கும் ஒரே சீசாவிலிருந்து மருந்து எடுக்கப்பட்டிருந்தது.

மருந்தைக் கண்டுபிடித்தவர் ஹாப்கின். பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

தன் உடம்பிலே சோதனை

வால்டெமார் ஹாப்கின் 1860-ல் ருஷ்ய நாட்டில் பிறந்தவர். யூத குலத்தவர். பாரிஸ் நகரிலுள்ள பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் அவருக்குக் கிடைத்தது புத்தக சாலை வேலைதான்.

அங்கே காலராவுக்குத் தடுப்பு மருந்து கண்டார். 1892-ல் அதை முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிக் கொண்டார். மறு ஆண்டே இந்தியாவுக்கு வந்தார். ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்டார்.

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. ஹாப்கினை அழைத்தார்கள். ஒரு குமாஸ்தா, மூன்று சேவகர்கள். இவ்வளவுதான் அவருக்குத் துணை! இரவு பகலாக உழைத்தார். மூன்றே மாதத்தில் மருந்து தயார். 1897 ஜனவரி 10-ந் தேதி அதையும் தனக்கே முதலில் போட்டுக் கொண்டார். ஜுரம் வந்தது. தாங்கிக் கொண்டார்.

பிறகு லட்சக்கணக்கான மக்கள் அந்த ஊசியைப் போட்டுக் கொண்டார்கள்.

பறிபோன பதவி

மல்கோவால் சாவுகளுக்குப் பிறகு எல்லாம் தலைகீழாயிற்று. விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. சீசாவைத் திறக்கும் முன்பே மருந்து கெட்டு விட்டது, ஆய்வுக்கூடத்தில்தான் தவறு என்று கமிஷன் கூறியது. மருந்தில் கார்பாலிக் திராவகம் சேர்ப்பதை நிறுத்தி, சூட்டினால் கிருமிகளைக் கொல்லும் முறைக்கு அவர் மாறியிருந்தார். அதுவே குற்றமாகி விட்டது.

பதவி போயிற்று. சம்பளம் நின்றது. உயிர் காக்க வந்தவர் உயிர் போக்கியவர் என்ற பெயருடன் 1904-ல் இந்தியாவை விட்டுச் சென்றார்.

கீழே விழுந்த இடுக்கி

உண்மையில் நடந்தது என்ன?

மல்கோவாலில் சீசாவைத் திறந்தபோது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. மண்ணிலே டெட்டனஸ் கிருமி உண்டு. இடுக்கியை முறைப்படி சுத்தம் செய்யாமல், மருந்து நீரில் அலசி விட்டு, அதனாலேயே தக்கையை எடுத்தார். ஒரு நொடி அவசரம், 19 உயிர்!

விசாரணைச் சாட்சியங்களிலேயே இது இருந்தது. ஆனால் கமிஷன் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டுபிடித்த ரொனால்டு ராஸ் ஹாப்கினுக்காக வாதாடினார். 1907 ஜூலையில் பத்து விஞ்ஞானிகள் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த ஆண்டிலேயே ஹாப்கின் மீதிருந்த பழி நீங்கியது.

ஆறாத காயம்

ஹாப்கின் கல்கத்தாவுக்கு வந்தார். ஆனால் பழைய பதவி இல்லை; பழைய வேகமும் இல்லை. சில ஆண்டுகளில் ஓய்வு பெற்று ஐரோப்பாவுக்குத் திரும்பினார். கடைசி வரை திருமணம் செய்து கொள்ளவில்லை. 1930-ல் சுவிட்சர்லாந்திலுள்ள லோசான் நகரில் காலமானார். அதற்கு முன்பே, 1925-ல், பம்பாய் பரேலில் அவர் நிறுவிய ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

ஆஸ்பத்திரியில் தவறு நேர்ந்தால் முதலில் துன்பப்படுவது நோயாளி. அடுத்தபடியாக, கை தவறிய நர்சும் டாக்டரும் உள்ளுக்குள் நொறுங்கிப் போகிறார்கள். அவர்களை இரண்டாவது பலி என்று 2000-ம் ஆண்டில் ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க டாக்டர் எழுதினார். தூக்கம் போகும், அடுத்த ஊசி போடக் கை நடுங்கும்.

தண்டனைக்குப் பயந்தால் தவறு மறைக்கப்படும். மறைத்த தவறு மறுபடியும் நடக்கும். 'இடுக்கி விழுந்து விட்டது, வேறு கொடுங்கள்' என்று ஒரு நர்சு பயமில்லாமல் சொல்லக்கூடிய ஆஸ்பத்திரியே நோயாளிக்குப் பத்திரமான ஆஸ்பத்திரி.

மல்கோவாலில் அந்த ஒரு வார்த்தை சொல்லப்பட்டிருந்தால், 19 குடும்பங்கள் அழுதிருக்க மாட்டா.