ரேச்சல் கார்சன் அம்மாவின் கதை

மலருக்கு ஒரு பெரிய பெண்மணியின் வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள் என்று கூட்டமைப்பில் சொன்னார்கள். ஜான்சி ராணி, அன்னை தெரசா எல்லாம் மற்ற குழுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. நான் ரேச்சல் கார்சனை எடுத்தேன். இந்த அம்மா அமெரிக்காக்காரர். கூடலூர் பேரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஆனாலும் வீட்டுக்காரர் முதுகில் மருந்து டேங்க் மாட்டுகிற ஒவ்வொரு வீட்டிலும் இவர் கதை தெரிஞ்சிருக்கணும்.

பென்சில்வேனியா மாநிலம் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் 1907 மே 27-ம் தேதி பிறந்தார். மூன்று பிள்ளைகளில் கடைசி. 65 ஏக்கர் நிலம் இருந்தும் கையில் காசு இல்லாத குடும்பம். அம்மா பெயர் மரியா. அவர்தான் மகளைக் காட்டுக்கும் ஓடைக்கும் கூட்டிப்போய் பறவை, பூச்சி, செடி எல்லாம் காட்டிக் கொடுத்தவர். கல்லூரிச் செலவுக்காக அந்தத் தாய் ஆப்பிள் விற்றார், கோழி விற்றார், வீட்டில் இருந்த பீங்கான் சாமானையும் விற்றார். நாம தோட்டை அடகு வைக்கிற மாதிரிதான்.

எழுத்தாளர் ஆகணும் என்றுதான் படிக்கப் போனார். நடுவில் மனசு விலங்கியல் பக்கம் போய், 1932-ல் அதில் முதுகலைப் பட்டம் வாங்கினார். 1935-ல் அப்பா இறந்துவிட்டார். அடுத்த வருஷம் அரசாங்க மீன்வளத் துறையில் வேலை கிடைத்தது. 1937-ல் அக்கா இறந்துபோக, அக்காவின் இரண்டு பெண் குழந்தைகளும் இவர் தலையில். பகலில் ஆபீஸ், ராத்திரியில் எழுத்து. கல்யாணம் பண்ணிக்கொள்ளவே இல்லை. 1951-ல் கடலைப் பற்றி இவர் எழுதிய புத்தகம் அதிகம் விற்கும் புத்தகங்களின் வரிசையில் 86 வாரம் நின்றது. அதற்குப் பிறகுதான் வேலையை விட்டு எழுத்தை மட்டும் பார்க்க முடிந்தது. 1957-ல் அந்த அக்கா மகள்களில் ஒருவரும் இறந்து, அவருடைய ஐந்து வயசுப் பையன் ரோஜரை இவரே தத்தெடுத்தார். ஐம்பது வயசில் மறுபடியும் பிள்ளை வளர்ப்பு.

1958 ஜனவரியில் ஒரு தோழி கடிதம் எழுதினார். கொசுவுக்காக விமானத்திலிருந்து டி.டி.டி. தெளித்தார்கள், அதற்குப் பிறகு தன் தோட்டத்தில் பறவைகள் செத்து விழுந்தன என்று. அந்தக் காலத்தில் டி.டி.டி.-யைச் சாமி மாதிரி பார்த்தார்கள். அது பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்தவருக்கு 1948-ல் நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். அதைக் குறை சொல்வது லேசான காரியமில்லை. இவர் நாலு வருஷம் உட்கார்ந்து விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிகளைச் சேர்த்தார்.

அதில் ஒரு விஷயம் எனக்கு நன்றாகப் புரிந்தது. எல்ம் என்ற மரத்துக்கு நோய் வந்து, அதைப் பரப்பும் வண்டைக் கொல்ல மருந்து அடித்தார்கள். மருந்து பட்ட இலை கீழே விழுந்தது. அதை மண்புழு தின்றது, புழு சாகவில்லை, விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டது. அடுத்த வசந்தத்தில் ராபின் பறவை வந்து அந்தப் புழுக்களைத் தின்று செத்தது. மருந்து அடித்தவர் பறவையைக் குறி பார்க்கவில்லை, ஆனால் பறவைதான் செத்தது.

1962 செப்டம்பரில் மௌன வசந்தம் என்ற அந்தப் புத்தகம் வந்தது. ரசாயனமே கூடாது என்று இவர் சொன்னதாகச் சிலர் இன்னும் சொல்கிறார்கள், அது தப்பு. கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள், எதை எங்கே தெளிக்கிறோம் என்று அங்கே குடியிருக்கிற ஜனங்களிடம் சொல்லுங்கள், அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதுதான் அவர் கேட்டது. ஒரு காலத்தில் மலேரியாக் காடாக இருந்த நம்ம பக்கத்தில் வீட்டுச் சுவரில் டி.டி.டி. அடித்துத்தான் ஜனங்கள் பிழைத்தார்கள். அந்த அம்மா அதை மறுக்கவில்லை. கண்டபடி அடித்தால் கொசுவே அதற்குப் பழகிப்போகும், அப்புறம் தேவைப்படும் நேரத்தில் கேட்காது என்றுதான் எச்சரித்தார்.

இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது. எங்க வீட்டுக்காரர் மருந்து அடித்துவிட்டு வந்த சட்டையை நான் பிள்ளைங்க துணியோடுதான் ஊற வைத்திருக்கிறேன். டப்பாவில் சிவப்பு முக்கோணமா, மஞ்சளா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பத்தாவது படித்தும் இந்த லட்சணம்.

பூச்சியைப் பூச்சியே பிடிக்கும் வழியையும் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சு மாதிரி இருக்கும் ஒரு செதில் பூச்சி அழித்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1888-ல் ஒரு சின்னப் பொறிவண்டைக் கொண்டு வந்து விட்டார்கள். சீக்கிரமே பூச்சி அடங்கிவிட்டது. பல வருஷம் கழித்து டி.டி.டி. அடிக்க ஆரம்பித்ததும் அந்த வண்டு செத்து, பழைய பூச்சி திரும்பி வந்தது. அதே செதில் பூச்சி நம்ம நீலகிரியில் சீகை மரத்தில் வந்து, 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் அதே பொறிவண்டை இங்கேயும் கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். சிவப்பும் கறுப்புமாக இருக்கும் பொறிவண்டைப் பார்த்தால் பிள்ளைங்க நசுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் வந்ததும் மருந்து கம்பெனிகள் பாய்ந்தன. ஒரு கம்பெனி வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது. கல்யாணம் ஆகாதவள், உணர்ச்சிவசப்படுகிறவள், கம்யூனிஸ்ட் என்றெல்லாம் பேசினார்கள். ஒரு பெண் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் அவளைப் பற்றிப் பேசுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல. யாருக்கும் தெரியாத ஒரு விஷயம், அப்போது அவருக்கு மார்பகப் புற்றுநோய் முற்றியிருந்தது. 1960-ல் அறுவை சிகிச்சை நடந்தபோது டாக்டர் அது புற்றுநோய் என்று அவரிடமே சொல்லவில்லை. பிறகு தெரிந்தும் வெளியில் மறைத்தார். தனக்கு நோய் வந்த கோபத்தில்தான் எழுதுகிறாள் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிடக் கூடாதே. கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போய்க்கொண்டே டிவியில் பேசினார், விக் வைத்துக்கொண்டு 1963 ஜூனில் செனட் குழு முன்னால் சாட்சி சொன்னார். அதற்கு முந்தின மாதம்தான் ஜனாதிபதி கென்னடி அமைத்த குழு இவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்திருந்தது. 1964 ஏப்ரல் 14-ல் இறந்தார். வயது 56. ரோஜருக்குப் பன்னிரண்டு வயசுதான். அமெரிக்காவில் டி.டி.டி.-க்குத் தடை வந்தது 1972-ல், அதை அவர் பார்க்கவில்லை.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். காபி காய்த்துளைப்பான் இந்தியாவிலேயே முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம கூடலூர் பக்கத்தில்தான், 1990-ல். எனக்கு அப்போ நினைவு தெரியாது. மாமியார் சொல்வாங்க, பழத்தைப் பிளந்தால் உள்ளே கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பு வண்டு இருக்குமாம். எண்டோசல்பான் அடித்தார்கள். பக்கத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டத்தின் மேல் அதே மருந்தை இருபது வருஷத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் தெளித்ததையும், அங்கே பிறந்த பிள்ளைகள் பட்ட பாட்டையும் நாம் எல்லாரும் டிவியில் பார்த்தோம். 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நிறுத்தியது.

காய்த்துளைப்பானுக்கு வேறு வழி இருக்கிறது. பவேரியா என்ற வெள்ளைப் பூஞ்சணத்தைத் தண்ணீரில் கலந்து அடித்தால் வண்டின் உடம்பில் வளர்ந்து அதைக் கொல்லும். நம்ம ஈரக் காற்றில் அது நன்றாகப் பிடிக்கும், வெயில் காலத்தில் அவ்வளவாகப் பிடிக்காது. மருந்து மாதிரி உடனே பலன் தெரியாததால் ஆம்பளைங்களுக்குப் பொறுமை இருக்காது. இதைவிட முக்கியம், அறுவடை முடிந்ததும் செடியில் மிஞ்சினது, கீழே உதிர்ந்தது ஒன்று விடாமல் பொறுக்குவது. அந்தப் பழத்தில்தான் வண்டு அடுத்த பருவம் வரை ஒளிந்திருக்கும். இடுப்பு ஒடிகிற வேலை, அதிகமும் நாமதான் செய்கிறோம், அதற்குக் கூலிக் கணக்கும் கிடையாது. போன வருஷம் நான் பொறுக்கினது ஒரு சாக்கு. ஓட்டை விழுந்த பழங்களைக் கொதிக்கிற தண்ணியில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு எடுத்தேன். செத்த வண்டு அடியில் மிளகுத் தூள் மாதிரி தங்கியது. அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காமல் தனியாக வைத்துவிட்டேன்.