ஜான் பாய்டு டன்லப்

தருமபுரியினின்று சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே தொப்பூர்க் கணவாயைக் கடந்து செல்லும் லாரிகளை நாம் பலகாற் கண்டிருக்கிறோம். பல டன் சரக்கைச் சுமந்து அச்சரிவில் இறங்கும் அவ்வண்டிகளின் பாரத்தை உண்மையில் தாங்கி நிற்பது டயருக்குள் அடைபட்ட காற்றேயாம். காற்றை இவ்வண்ணம் சுமை தாங்கப் பழக்கியவர், யந்திர நூல் கற்றவரல்லர். மாடும் குதிரையும் பார்த்துப் பிழைத்த ஒரு மிருக வைத்தியர். அவரது சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜான் பாய்டு டன்லப் என்பார் 1840ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்து ட்ரெகார்ன் என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். எடின்பரோ நகரில் மிருக வைத்தியம் பயின்று, இளமையிலேயே தேர்ச்சி பெற்றார். 1867இல் அயர்லாந்து சென்று, நாளடைவில் பெல்பாஸ்ட் நகரத்தில் பெரியதொரு வைத்தியசாலை நடத்தி நற்பெயர் ஈட்டினார்.

பெல்பாஸ்ட் வீதிகள் கருங்கல் பாவப்பட்டவை. அவருடைய மைந்தனின் மூன்று சக்கர வண்டிக்கோ கெட்டி இரப்பர்ப் பட்டையே இருந்தது. அதிர்ச்சியின்றியும் விரைவாகவும் அது செல்லுதற்கு வழி யாதென டன்லப் ஆராய்ந்தார். 1887ஆம் ஆண்டில், மெல்லிய இரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, ஒரு மரவட்டின் விளிம்பிற் பொருத்தி, துணியால் இறுகப் போர்த்தி, கால்பந்துக்குரிய சிறு பம்பினால் காற்றடைத்தார். பின்னர் மைந்தனது வண்டிச் சக்கரம் ஒன்றையும் இதனையும் முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். கெட்டிச் சக்கரம் சிறிது தூரம் ஓடிச் சாய்ந்தது. காற்றடைத்ததோ முற்றத்தின் எல்லைவரை ஓடி, வாயிலில் மோதித் திரும்பிற்று. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மைந்தன் காற்றுச் சக்கரங்களின் மீது இவர்ந்து மகிழ்ந்தான். 1888 டிசம்பரில் டன்லப்புக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

புதிய தடித்த சக்கரத்தைக் கண்டோர் முதலில் நகைத்தனர். 1889 மே 18ஆம் நாள் பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் வில்லியம் ஹியூம் என்பார் அச்சக்கரம் பூண்ட சைக்கிளில் ஏறிப் பந்தயங்களில் வாகை சூடினார், நகைப்பு அடங்கிற்று. பந்தய உலகில் முதன்மை பெற்றிருந்த ஹார்வி டு குரோ என்னும் வணிகர் முன்வர, அவ்வாண்டே ஒரு கம்பெனி நிறுவப்பட்டது.

ஆயினும் இன்பத்தைத் தொடர்ந்து இடரும் வந்தது. ஸ்காட்லாந்தினரான ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார், தமது இருபத்துமூன்றாம் வயதில், 1845ஆம் ஆண்டிலேயே காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்னும் செய்தி வெளிப்பட்டது. 1847இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டிகளிற் பூட்டி அவர் அதனைச் சோதித்தும் காட்டியிருந்தார். அக்காலத்தில் இரப்பர் விலை மிகுதி. மோட்டார் வண்டியோ இன்றைய சைக்கிளோ தோன்றவில்லை. ஆதலின் அவ்வரிய கருத்து மறக்கப்பட்டது. தாம்சனும் 1873இல் மறைந்தார். அவர் செய்தது அறியாமலே டன்லப் அதனை மீண்டும் கண்டார். எனினும் சட்டம் முந்தினவர்க்கே உரியது. டன்லப்பின் காப்புரிமை செல்லாதாயிற்று.

கம்பெனியைக் காத்தவை வேறு சிலருடைய நுட்பங்கள். டயரைச் சக்கரத்தினின்று எளிதிற் கழற்ற வெல்ச், பார்ட்லெட் என்னும் இருவர் வகை கண்டனர். வுட்ஸ் என்பார் காற்றுப் புறம்போகாது தடுக்கும் வால்வை அமைத்தார். நம் சைக்கிள் டியூபுகளில் நெடுங்காலமாக விளங்கிவரும் அவ்வால்வை உலகம் டன்லப் வால்வென்றே அழைக்கிறது! டன்லப்போ சில ஆண்டுகளில் கம்பெனியை விட்டு விலகினார். 1896இல் அது முப்பது லட்சம் பவுனுக்கு விலைபோனபோது, அப்பெருஞ்செல்வத்தில் அவருக்குப் பங்கில்லை. அவர் பெயர் மட்டும் கம்பெனியில் நிலைத்தது. டப்ளின் நகரில் அமைதியாக வாழ்ந்து, 1921 அக்டோபர் 23ஆம் நாள் உலக வாழ்வை நீத்தார்.

அவர் வாழ்நாளிலேயே அச்சக்கரம் உலகை வலம்வரத் தொடங்கிற்று. 1895இல் பாரிஸ்-போர்தோ பந்தயத்தில் மிஷலின் சகோதரர் மோட்டார் வண்டிக்கு அதனைப் பூட்டி ஓட்டினர். 1936இல் வங்காளத்துச் சாகஞ்சில் டன்லப் தொழிற்சாலை எழுந்தது.

கால்பந்துப் பம்பின் வேலையை இன்று கையடக்கமான மின்பம்பு செய்கிறது. காரிலுள்ள 12 வோல்ட்டு மின்சாரத்தால் இயங்கி, வேண்டிய அழுத்தம் வந்ததும் தானே நிற்பனவும் உள. ஆனால் காற்றின் இயல்பு மாறவில்லை. காற்றுக் குறைந்த டயரின் பக்கங்கள் சுமையால் மிகுதியும் வளைந்து நிமிர்ந்து சூடேறும், வெடித்தலும் கூடும். காற்று மிகுந்தாலோ தரையிற் படியும் பரப்புக் குறைந்து பிடிப்புத் தளரும். ஓடிச் சூடேறிய டயர் அழுத்தத்தை மிகுத்துக் காட்டுமாதலின், புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கையிலேயே அளத்தல் வேண்டும். வண்டி செய்தோர் கதவோரத்திற் பொறித்த அளவே கொள்ளத்தக்கது. தொப்பூர்ச் சரிவில் இறங்குவோர்க்கு இச்சிறு கவனம் உயிர்காப்பாகும்.

மாணவ நண்பர்களே! தாம்சன் முந்திக் கண்டும் புகழ் பெற்றிலர். டன்லப் புகழ் பெற்றும் பொருள் பெற்றிலர். ஆயினும் ஒரு சிறுவனின் வண்டி குலுங்காமல் ஓடவேண்டுமென்று அத்தந்தை கொண்ட அன்பின் பயனை உலகம் முழுவதும் நுகர்கின்றது. அருகிலிருப்போர் படும் சிறு துன்பத்தையும் கூர்ந்து நோக்கி, அதனை நீக்கக் கையாலே முயன்று பார்க்கும் பழக்கம் நமக்கும் உண்டாகுக!