ரூபாயைப் படித்த அண்ணல்

திருவள்ளூர் வட்டாரம் 1891-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்து ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்கள் நிலமின்றிக் கடனில் சிக்கிப் பண்ணையாட்களாகக் கிடப்பதை அரசுக்கு அறிக்கையாக எழுதியது அந்த ஆண்டில்தான். மறு ஆண்டே பஞ்சமி நில ஆணை வந்தது. அதே 1891, ஏப்ரல் 14-ம் தேதி, மாவ் ராணுவ முகாமில் சுபேதார் ராம்ஜி சக்பால், பீமாபாய் தம்பதிக்குப் 14-வது பிள்ளையாக அண்ணல் அம்பேத்கர் பிறந்தார். நிலமும் கடனும் கூலியும் பிற்காலத்தில் அவருடைய ஆராய்ச்சிப் பொருள்களாயின.

திருவாலங்காட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எந்தப் பக்கம் போனாலும், கையில் அரசியல் சட்டத்தோடு நிற்கும் அண்ணலின் சிலையைப் பார்க்கலாம். சட்டம் படிப்பதற்கு முன்பே அவர் பொருளாதாரம் படித்தவர் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அரசிடம் பணம் இல்லை என்கிறார்களே, ரிசர்வ் வங்கியே நோட்டு அடித்து எல்லோருக்கும் வீடு கட்டிக் கொடுத்தால் என்ன என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு நூலை 100 ஆண்டுகளுக்கு முன்பே அவர் எழுதினார்.

பள்ளியில் சாக்கின் மேல் தனியாக உட்கார வைக்கப்பட்ட சிறுவன், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்துப் பட்டம் பெற்றார். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதி நிர்வாகத்தைப் பற்றி ஆய்வு செய்து 1915-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு லண்டன் சென்று படிப்பைத் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் பாதியில் திரும்ப நேர்ந்தது.

பரோடா அரசில் பெரிய பதவி கிடைத்தது. தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் அவரைத் தடியோடு வந்து விரட்டினார்கள். பம்பாய் திரும்பி, 1918-ல் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். சிறு நிலவுடைமை பற்றி அந்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். நிலத்தை நம்பித் தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், தொழிற்சாலைகள் பெருகினால்தான் விவசாயமும் பிழைக்கும் என்பது அதன் சாரம். வயல் வேலையை விட்டு சிப்காட் வாசலுக்குப் போகும் நம் இளைஞர்களுக்கு இது புரியும்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம், கோலாப்பூர் மன்னரின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920-ல் மறுபடியும் லண்டன் போனார். பகல் முழுவதும் நூலகம், இரவில் அரைவயிற்றுச் சாப்பாடு. ரூபாயின் சிக்கல் பற்றிய அவருடைய ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தச் சொன்னார்கள். முடிவுகளை மாற்றாமல் திருத்திக் கொடுத்தார். 1923-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அந்த ஆண்டே நூலாக வந்த அதைத் தன் தாய் தந்தையருக்குக் காணிக்கையாக்கினார்.

நூலின் மையக் கருத்தை எளிதாகச் சொல்லலாம். பழைய முறையில் யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் நாணயச் சாலையில் கொடுத்து ரூபாயாக மாற்றலாம். 1893-ல் பிரிட்டிஷ் அரசு அந்தக் கதவை மூடியது. அதன்பின் எவ்வளவு ரூபாய் வெளியிடுவது என்பது அரசின் கையில் போனது. முதல் உலகப்போரின்போது ஏராளமான நாணயமும் நோட்டும் வெளிவந்தன. விலைவாசி ஏறியது. வெளியீட்டுக்குச் சட்டத்தில் உறுதியான வரம்பு வேண்டும், ஆள்பவர் விருப்பத்துக்கு அதை விடக்கூடாது என்று அண்ணல் வாதிட்டார். புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் ஆதரித்த முறையைத்தான், மாணவராக இருந்த அவர் மறுத்தார்.

அவர் இதில் இத்தனை உறுதியாக இருந்த காரணத்தைக் கூலிக்காரர் கணக்கில் பார்க்கலாம். ஒருவருக்கு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரிசி கிலோ 50 ரூபாய் என்றால் 10 கிலோ வாங்கலாம். அரிசி 60 ரூபாயானால் எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும். கூலியை யாரும் குறைக்கவில்லை, ஆனால் குறைந்துவிட்டது. நிலமும் சரக்கும் வைத்திருப்பவருக்கு விலையேற்றம் லாபம். உழைப்பை மட்டுமே வைத்திருப்பவருக்கு அது ரசீது இல்லாத வரி. அந்த இரண்டாவது வரிசையில் நிற்பவர்கள் யார் என்பது அண்ணலுக்குத் தெரியும்.

ஒரு பவுனுக்கு 15 ரூபாயா, அல்லது 13 ரூபாய் 5 அணா 4 பையா என்று 1920-களில் பெரிய சர்ச்சை நடந்தது. ரூபாயின் மதிப்பு குறைந்தால் நாட்டுக்கே லாபம் என்று ஆலை முதலாளிகள் பேசினார்கள். அந்த லாபம் வெளிநாட்டிலிருந்து வருவதில்லை, உள்ளூர்த் தொழிலாளியின் கூலியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்று அண்ணல் எடுத்துக் காட்டினார்.

இந்திய நாணய முறையை விசாரிக்க வந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் 1925 டிசம்பரில் அவர் சாட்சியம் அளித்தார். ரிசர்வ் வங்கியை அண்ணலே உருவாக்கினார் என்று மேடைகளில் சொல்வதுண்டு. ஆணையம் பலரை விசாரித்தது, நாணய முறையில் அண்ணல் சொன்ன வழியை அது ஏற்கவும் இல்லை. மைய வங்கி வேண்டும் என்று அது 1926-ல் பரிந்துரைத்தது. 1934-ல் சட்டம் வந்து, 1935 ஏப்ரல் 1-ல் ரிசர்வ் வங்கி தொடங்கியது. உள்ளதைச் சொன்னாலே அவர் பெருமை குறையாது. தீண்டத்தகாதவர் என்று விடுதியிலிருந்து விரட்டப்பட்டவர், எட்டே ஆண்டுகளில் பேரரசின் பணக் கொள்கையை அதன் ஆணையத்தின் எதிரிலேயே கேள்வி கேட்டார்.

அப்படியானால் பொதுத் தேவைகளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? 1947-ல் எழுதிய அரசுகளும் சிறுபான்மையினரும் என்ற ஆவணத்தில் அதற்குப் பதில் வைத்தார். விவசாய நிலத்தை அரசு எடுத்து, உரிமையாளருக்குக் கடன் பத்திரமாக ஈடு கொடுக்க வேண்டும். அந்த நிலத்தைச் சாதி பார்க்காமல் குடும்பங்களுக்குக் கூட்டாகப் பயிரிட விட வேண்டும். தண்ணீர், மாடு, விதை, உரம் எல்லாவற்றுக்கும் அரசே முதல் போட வேண்டும். காப்பீட்டுத் தொழில் முழுவதும் அரசின் கையில் இருந்தால், கூடுதல் வட்டிக்குச் சந்தையில் கடன் வாங்காமல் திட்டங்களை நடத்தலாம். செலவை அவர் குறைக்கச் சொல்லவில்லை. அதன் சுமை கூலிக்காரர் தலையில் விழக்கூடாது என்றார்.

அவர் சட்ட அமைச்சராக இருந்த அரசுதான் 1949 ஜனவரி 1-ல் ரிசர்வ் வங்கியை நாட்டுடைமையாக்கியது. 1956-ல் ரிசர்வ் வங்கி விவசாய நீண்டகாலக் கடனுக்கென 10 கோடி ரூபாயில் தனி நிதியை ஏற்படுத்தியது. மைய வங்கியின் பணம் கிராமத்துக்கு வந்த நல்ல முயற்சி அது. ஆனால் கூட்டுறவு வழியாக வந்த அந்தக் கடனுக்கு ஈடாக நிலம் கேட்டார்கள். பட்டா இல்லாதவர் வாசலில் நின்றார். அந்த ஆண்டு டிசம்பர் 6-ல் அண்ணல் மறைந்தார்.

1955 முதல் மத்திய அரசின் கையிருப்பு குறைந்தால் ரிசர்வ் வங்கி தானாகவே பணம் கொடுத்து ஈடுகட்டும் ஏற்பாடு இருந்தது. 1997-ல் அது நிறுத்தப்பட்டது. 2006 முதல் அரசின் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கவும் முடியாது. ஆனாலும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. தன் கையில் உள்ள பத்திரங்களின் வட்டி, டாலர் விற்பனை போன்றவற்றில் வரும் உபரியை ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. 2024-25-ம் ஆண்டுக்கு அது 2,68,590 கோடி ரூபாய். நாட்டு மக்கள் எல்லோருக்கும் சொந்தமான பணம் இது.

அண்ணலை வைத்துப் பார்த்தால், மைய வங்கியின் பணத்தைப் பொதுத் தேவைக்குப் பயன்படுத்தலாமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. விலை ஏறினால் அடிபடுவது யார், பணம் வந்தால் பெறுவது யார் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். திருவாலங்காடு செப்பேடு, பழையனூர் ஊரின் வருவாயைக் கோயிலுக்கு எழுதி வைத்த ராஜேந்திர சோழனின் ஆணையைச் சொல்கிறது. ஊரின் வருவாய் யாருக்கு என்பது 1,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே செம்பில் எழுதப்பட்ட விஷயம். வயலில் உழைத்தவர்களைக் கேட்டு எழுதிய ஆணை அல்ல அது.

இன்று கேட்க இடம் இருக்கிறது. 1972 முதல் உள்ள 4 சதவீத வட்டிக் கடன் திட்டத்தில் 40 சதவீதம் பட்டியலின, பழங்குடி மக்களுக்குப் போக வேண்டும் என்பது விதி. பட்டியலின, பழங்குடியின மேம்பாட்டு நிதியைச் செலவிடுவதற்கும் கண்காணிப்பதற்கும் தமிழ்நாடு சட்டமன்றம் 2024-ல் தனிச் சட்டமே இயற்றியது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாகும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் மீட்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த முன்பணத்தை வங்கி கொடுத்திருந்தால் அவர்கள் அங்கே போயிருக்க மாட்டார்கள்.

எனவே பொருளாதாரம் நமக்கு வராது என்று மாணவர்கள் ஒதுங்க வேண்டாம். அண்ணலின் நூல்கள் தமிழில் தொகுதிகளாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படியுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து, நம் ஊராட்சிக்கு இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, அதில் நம் குடியிருப்புக்கு எவ்வளவு செலவானது என்று கணக்குக் கேளுங்கள். அந்தக் கணக்கைக் கேட்கத்தான் அவர் ரூபாயைப் படித்தார்.