ராஜாஜி தபால் தலை

ஸ்ரீ சக்ரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் 1972-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி காலமானார். அவருடைய முதலாண்டு நினைவாக 1973-இல் இந்திய சர்க்கார் ஒரு தபால் தலை வெளியிட்டார்கள். பெரியோர் பலருக்கும் செய்யப்படும் சாதாரண மரியாதையே இது என்று சிலர் நினைக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தது முதல் கண்மூடும் வரையில், டில்லிக் காங்கிரஸ் ஆட்சியை அவர் இடைவிடாது கண்டித்து வந்தார். அவ்வாட்சியே அவருக்கு இந்தக் கௌரவத்தை அளித்தது.

சேலம், நாமக்கல் ஜனங்களுக்கு இவ்விஷயத்தில் தனி உரிமை உண்டு. அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்த ஆச்சாரியார், 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலை ஆரம்பித்தார். 1917 முதல் 1919 வரையில் அந்நகரசபைக்குத் தலைமை வகித்தார். ஒத்துழையாமை இயக்கம் பிறந்ததும், செழித்தோங்கிய தொழிலை அடியோடு துறந்தார். அத்தியாகத்தின் அளவு சட்டம் பயின்ற எம்போன்றோர்க்கு நன்கு விளங்கும். 1925-இல் திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிக் கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய பணிகளில் ஈடுபட்டார். 1930-இல் வேதாரணியத்தில் உப்புச் சத்தியாக்கிரகம் நடத்திச் சிறை சென்றார். 1937-இல் சென்னை மாகாணப் பிரதம மந்திரியானவுடன், அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவிலேயே மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வருமானம் குறைந்ததை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி விதித்தார்.

அவர் செய்தவை யாவும் சரியே என்று நாம் வாதிக்கப் போவதில்லை. 1938-இல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தோரைச் சிறையிலடைத்தது தமிழ் மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. 1953-இல் கொணர்ந்த ஆரம்பக் கல்வித் திட்டம் குலத்தொழிலை நிலைநாட்டுவதென்று பலத்த கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அடுத்த வருஷமே அவர் பதவி விலகினார்.

ஆயினும் ஒன்று சொல்வோம். தமது கருத்தை ஜனரஞ்சகத்துக்காக அவர் மறைத்ததில்லை. முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றுச் சமரசம் காண வேண்டுமென்று 1942-இல் வற்புறுத்தினார். காங்கிரஸ் மகாசபை அதை நிராகரிக்கவே, அதிலிருந்து விலகினார். 1947-இல் காங்கிரஸே பிரிவினைக்கு இசைந்தது. 1948-இல் அவரை சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக்கியவர்களும், முன்பு அவரோடு மாறுபட்ட அதே காங்கிரஸ் தலைவர்கள்தாம்.

அபிப்பிராய பேதம் வேறு, பகைமை வேறு. இவ்வுண்மையை ஒரு தலைமுறை அறிந்திருந்தது. இன்றோ மாற்றுக் கட்சியினரைத் தேசத்துரோகி என்று தூற்றுவது எங்கும் மலிந்து வருகிறது. மறுத்துப் பேசுவோரை மதியாத நாட்டில் ஜனநாயகம் நிலைபெறாது. ராஜாஜியின் உருவம் தாங்கிய தபால் தலை நமக்குப் போதிக்கும் பாடம் இதுவே. அவருடைய கொள்கைகளை ஏற்போரும் மறுப்போரும் இதனை ஒருங்கே மனத்திற் கொள்வார்களாக.