உயர்வும் இழிவும் கண்ட ஆசிரியர்

கணித நூல் இயற்றியோர் பலர். தம் நாட்டு மாணாக்கரின் உள்ளப் பாங்கறிந்து, அதற்கியைந்த வழியிலே கணிதத்தைப் புகட்ட முயன்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் வைத்து எண்ணத்தக்கவர் தில்லி ஆசிரியர் இராமசந்திரர். உயர்தர வகுப்பில் நுண்கணிதம் பயிலும் நம் திருகோணமலை மாணாக்கர் உயர்வும் இழிவும் காணும் கணக்குகளின் முன் மலைத்து நிற்கின்றனர். அன்னார்க்கு இவ்வாசிரியரின் வரலாறு ஊக்கமளிக்க வல்லது.

இராமசந்திரர் 1821இல் பானிப்பட்டிலே காயஸ்தர் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் சுந்தர்லால் வருவாய்த் துறையில் அலுவல் பார்த்தவர். அவர் இளமையிலேயே காலமாக, ஆறு புதல்வரை வளர்க்கும் பொறுப்பு தாயார் மேல் விழுந்தது. பதினோராம் வயதில் இராமசந்திரருக்கு மணம் முடித்து வைத்தனர். மணமகளோ கேட்கவும் பேசவும் இயலாதவர். வறுமை ஒருபுறமும் இல்லறச் சுமை ஒருபுறமும் அழுத்தியும், சிறுவரின் கணித வேட்கை தணியவில்லை. 1833இல் தில்லி ஆங்கிலப் பள்ளியிற் சேர்ந்து பயின்றார். பின்னர்ச் சிறிது காலம் எழுத்தராய் ஊழியஞ் செய்தார். 1841இல் உதவிச் சம்பளம் பெற்றுத் தில்லிக் கல்லூரியிலே மீண்டும் கல்வியைத் தொடர்ந்தார்.

1844இல் அக்கல்லூரியின் கீழைத்தேயப் பிரிவிலே மேனாட்டு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியரானார். அங்கே பாடமொழி உருது. ஆங்கிலமறியாத மாணாக்கருக்கு அவர்தம் மொழியிலேயே அட்சரகணிதமும் திரிகோணகணிதமும் நுண்கணிதமும் கற்பிக்கத் துணிந்தார். அதற்கு வேண்டிய நூல்களையும் ஆக்கினார். உடனாசிரியரையும் மாணாக்கரையும் ஒன்றுகூட்டி, அறிவைப் பரப்பும் கழகமொன்றை நிறுவினார். 1845இலும் 1847இலும் உருது இதழ்கள் இரண்டைத் தொடங்கினார். நசீர் அகமது, சக்காவுல்லா முதலிய உருது அறிஞர் அக்கல்லூரியின் மாணாக்கரே.

1850இல் கல்கத்தாவிலே தம் கைப்பொருளைச் செலவிட்டு, உயர்வு இழிவுக் கணக்குகள் பற்றிய ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். நுண்கணிதத்தின் துணையின்றி, அட்சரகணிதங் கொண்டே அவற்றைத் தீர்ப்பது அந்நூலின் நெறி. பாஸ்கரர் பீஜகணிதஞ் செய்த நாட்டிலே மாணாக்கருக்குச் சமன்பாட்டு வழியே இயல்பான வழியாகும் என்பது அவர் துணிபு. கல்கத்தா இதழொன்று அந்நூலைக் குறைகூறிற்று. நூலாசிரியர் மனம் நொந்தார். ஆயினும் பெத்யூன் என்னும் ஆங்கில அதிகாரி சில பிரதிகளை இலண்டனிலிருந்த பேராசிரியர் டி மோர்கனுக்கு அனுப்பினார். 1806இல் நம் மதுரையிற் பிறந்த அக்கணித மேதை நூலின் அருமையை உணர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவைக்கு எடுத்துரைத்தார். அதன் பயனாக இராமசந்திரருக்கு மரியாதை ஆடையும் இரண்டாயிரம் ரூபாயும் பரிசிலாகக் கிடைத்தன. டி மோர்கனின் முன்னுரையுடன் 1859இல் நூல் இலண்டனிலே மறுபதிப்புப் பெற்றது.

இதற்கிடையே பேரிடர் ஒன்று நேர்ந்தது. 1852இல் அவர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியிருந்தார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது, அவருடன் ஞானஸ்நானம் பெற்ற மருத்துவர் சமன்லால் கொல்லப்பட்டார். இராமசந்திரரோ மறைந்திருந்து, நகரை விட்டுத் தப்பி உயிர் பிழைத்தார். 1858இல் ரூர்க்கி பொறியியற் கல்லூரியிலும், அவ்வாண்டே தில்லி மாவட்டப் பள்ளியிலும் பணி ஏற்றார். 1863இல் நுண்கணிதம் பற்றிய வேறொரு நூலை வெளியிட்டார். 1866இல் உடல்நலிவால் ஓய்வுபெற்றார். பின்பு பட்டியாலா சமஸ்தானத்தின் கல்விப் பணியை மேற்கொண்டார். 1880இல் மறைந்தார். புகழ்பெற்ற அவர் நூல் பாடநூலாக எங்கும் வேரூன்றவில்லை என்பது வருந்தத்தக்கது.

அவர் நெறியை நம் கடற்கரையிலேயே செய்து பார்க்கலாம். மாணாக்கர் நால்வர் ஒரு குழுவாகுக. நீண்ட மதிலொன்றை ஒரு பக்கமாகக் கொண்டு, ஏனைய மூன்று பக்கங்களையும் 40 முழக் கயிற்றால் வளைத்துக் கருவாட்டுக் களமொன்று அமைக்க வேண்டும். இருவர் கயிறு பிடிக்க, ஒருவர் அளக்க, மற்றவர் எழுதுக. அகலம் 5 முழமாயின் நீளம் 30, பரப்பு 150 சதுர முழம். அகலம் 8 ஆயின் பரப்பு 192. 10 ஆயின் 200. 12 ஆயின் மீண்டும் 192. 15 ஆயின் 150. ஏறிய பரப்பு இறங்குவதைக் கண்ணாற் கண்டபின் சமன்பாட்டுக்கு வருக. அகலத்தைத் தெரியாக் கணியமாகக் கொண்டால், இருபடிச் சமன்பாடு ஒன்று கிடைக்கும். அதனைத் தீர்க்குங்கால், நூறிலிருந்து பரப்பின் பாதியைக் கழித்த எண் வர்க்கமூலக் குறியினுள் நிற்கும். அவ்வெண் பூச்சியத்திற்குக் கீழ்ப்படின் அத்தகைய களம் இல்லை. ஆதலால் பரப்பு 200ஐ விஞ்சாது. அவ்வுயர்வுக்குரிய அகலம் பத்து. நுண்கணிதம் அறியாத பத்தாம் வகுப்பினர்க்கும் இது விளங்கும்.

திருகோணமலை இந்துக் கல்லூரியை வளர்த்த விபுலாநந்த அடிகளும் விஞ்ஞானம் கற்றவர். தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தவர். தாய்மொழி வாயிலாக அறிவியல் வளரவேண்டுமென்ற விழைவு, தில்லி உருது ஆசிரியருக்கும் நம் அடிகளுக்கும் பொதுவானது. மாணாக்கர் அறிந்ததிலிருந்து அறியாததற்குப் படியமைத்துக் கொடுப்பதே ஆசிரியத் தொழில். இராமசந்திரர் அமைத்த படி இன்னும் தேயவில்லை; ஏறுவாரைத்தான் அது எதிர்நோக்கி நிற்கின்றது.