கடலுக்காக வாதாடிய கார்ஸன் அம்மையார்

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலத்தில், கடலுக்கு வெகு தொலைவில் உள்ள ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில், 1907-ம் ஆண்டு மே 27-ந் தேதி ரேச்சல் கார்ஸன் பிறந்தார். எழுத்தாளராக வேண்டும் என்று கல்லூரியில் சேர்ந்தவர், உயிர் நூலில் மனத்தைப் பறிகொடுத்துப் பாடத்தை மாற்றிக் கொண்டார். சமுத்திரத்தை அவர் முதன்முதலாகக் கண்டது 22-வது வயதில்தான்!

1932-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். மேலே படிக்க ஆசை; குடும்பத்திலோ வறுமை. 1935-ல் தந்தை காலமானார். மறு ஆண்டு, அரசாங்க மீன்வள இலாகாவில் ரேச்சலுக்கு உத்தியோகம் கிடைத்தது. 1937-ல் அக்காளும் இறந்துவிட, அவளுடைய இரண்டு பெண்களையும் தாயும் ரேச்சலும் வளர்த்தார்கள்.

பகலில் அலுவலகம், இரவில் எழுத்து. 1941-ல் வந்த முதல் புத்தகம் போர்க் காலத்தில் விலை போகவில்லை. 1951-ல் வெளிவந்த 'நம்மைச் சூழ்ந்த கடல்' அவரை உலகப் பிரசித்தி பெறச் செய்தது. மறு ஆண்டு வேலையை விட்டு, முழுநேர எழுத்தாளர் ஆனார்.

குலைந்த நம்பிக்கை

பரந்த கடலுக்கு மனிதனால் என்ன கேடு வந்துவிடும் என்றுதான் அம்மையார் நெடுநாள் நம்பியிருந்தார். அணு யுகம் அந்த நம்பிக்கையைக் குலைத்தது. அணுக் கழிவைப் பீப்பாய்களில் அடைத்துக் கடலில் தள்ளினார்கள். 1961-ல் தம் நூலின் புதிய பதிப்பில் அதைக் கண்டித்து எழுதினார். கடலில் விழுந்த நஞ்சு விழுந்த இடத்தில் நிற்பதில்லை. நுண்ணுயிரைச் சிறு மீன் தின்னும். சிறு மீனைப் பெரிய மீன் தின்னும். நஞ்சும் கூடவே ஏறும்.

1962-ல் 'மௌன வசந்தம்' வெளியாயிற்று. டி.டி.டி. போன்ற பூச்சி மருந்துகள் மீனையும் பறவையையும் மாய்ப்பதை அது அம்பலமாக்கியது. ரசாயனக் கம்பெனிகள் சீறின. அம்மையாரை அப்போது புற்றுநோய் அரித்துக் கொண்டிருந்தது. அதை ஊரார் அறியாமல் மறைத்தார். எதிரிகள் அதையே சாக்காகக் கொள்வார்கள் என்பது அவர் அச்சம். அந்த நோயோடுதான் 1963-ல் செனட் கமிட்டி முன் சாட்சியம் அளித்தார். 1964 ஏப்ரல் 14-ந் தேதி, 56-வது வயதில் கண் மூடினார்.

அவர் கேட்ட நியாயம் பின்னால் கிடைத்தது. 1972-ல் அமெரிக்கா வயல்களில் டி.டி.டி.யைத் தடை செய்தது. 1993-ல் உலக நாடுகள் அணுக் கழிவைக் கடலில் கொட்டுவதில்லை என முடிவு செய்தன. அழிய இருந்த பழுப்புக் கூழைக்கடாக்கள் மீண்டும் பெருகின. ஆனால் பழைய நஞ்சு இன்னும் தீரவில்லை. ஓங்கிலின் கொழுப்பில் அது தங்கி, தாய்ப்பால் வழியே குட்டிக்கும் போகிறது.

அம்மையாரின் அஸ்தியில் ஒரு பகுதி, அவர் நேசித்த மெயின் மாநிலக் கடலிலேயே தூவப்பட்டது.