தமிழில் உடற்கூறு கற்பித்த கிரீன்

உடற்கூற்று நூலில் மாணவரை வாட்டும் பகுதிகளுள் ஒன்று இடுப்புக் குழியின் தமனிகள். இங்கே பி. ஜே. மருத்துவக் கல்லூரியில் பயிலும் நம் நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். பெருந்தமனி இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகிறது. அவற்றுள் உள்நோக்கி இறங்குவதே உள் இடுப்புத் தமனி. அதன் கிளைகள் ஆளுக்கு ஆள் மாறுபடும். கருப்பைக்குச் செல்லும் கிளையோ சிறுநீர்க் குழாயின் மேலாகக் குறுக்கே போகிறது. கத்தி சற்றுத் தவறினாலும் ஆபத்து. ஆங்கிலத்திலேயே நாக்குழறும் இக்கலையை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் கற்பித்தவர் ஒருவர் உண்டு. அவர் தமிழர் அல்லர்!

சாமுவேல் பிஸ்க் கிரீன் 1822இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்து ஊஸ்டரில் பிறந்தவர். 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம் சொன்னார். ஆங்கிலம் கற்றவர் அரசாங்கச் சம்பளத்தையும் பட்டணத்தையும் நாடுவர், கிராமத்து நோயாளி பழையபடியே கிடப்பான் என்று கண்டார். தமிழைக் கற்றார், தமிழிலேயே மருத்துவர்களை ஆக்கத் துணிந்தார்.

1857இல் வெளிவந்தது ‘பிரசவ வைத்தியம்’. பேறுகாலக் குருதிப்பெருக்கால் தாய்மார் மாண்ட காலம் அது. தொடக்கத்திலேயே அந்நூலை அவர் எடுத்துக்கொண்டது தற்செயல் என்று நான் எண்ணவில்லை.

அவ்வாண்டு தாயகம் சென்றவர் 1862இல் திரும்பினார். அதன்பின் வகுப்பு தமிழில் நடந்தது. இலண்டனில் 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. பெயர் நம் செவிக்குக் கரடுமுரடுதான். ஆனால் ஒவ்வொரு நரம்புக்கும் குழாய்க்கும் சொல் தேடியவர்களுக்கு முன்மாதிரி ஏது? மாணவர்களே உடனிருந்து உதவினர். இன்றும் ஈழத்தமிழர் நாடி, நாளம் என்பதை நாம் தமனி, சிரை என்கிறோம். வழக்கு இன்னும் ஒன்றாகவில்லை.

ஆங்கிலமில்லா மருத்துவனுக்கு உத்தியோகம் ஏது என்ற கவலை மாணவரிடையே இருந்தது. நியாயமான கவலையே; வயிறு என்று ஒன்று இருக்கிறதல்லவா? கிரீன் சென்றபின் தமிழ் வகுப்பு நெடுநாள் நீடிக்கவுமில்லை.

1873இல் ஊர் திரும்பிய அவர் ஊஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். உடலியங்கியல் நூலான ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு மே மாதம் கிரீன் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியன் என்று தம் கல்லறையில் பொறிக்குமாறு முன்னரே சொல்லிவைத்திருந்தார்.